கேட்டா, ஜிமேட்டா: படிக்கும் முறையில் எங்கே பிரிகின்றன?

கேட், ஜிமேட் இரண்டுமே எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வுகள். "கேட் எழுதிய கையோடு ஜிமேட்டையும் எழுதிவிடலாம், இரண்டிலும் அதே கணக்கு, அதே ஆங்கிலம்தானே" என்று நினைத்துத்தான் நானும் உட்கார்ந்தேன். முதல் மாதிரித் தேர்விலேயே கணக்குப் பிரிவில் கடைசி நான்கு கேள்விகளைத் திறந்து பார்க்கக்கூட நேரமில்லை. கணக்கு தெரியாமல் இல்லை. கேட் பழக்கிவிட்ட கை அப்படி. (தமிழில் எழுதினால் பொறியியல்காரர்களின் கேட்டும் இதுவும் ஒன்றாகிவிடுகின்றன. நான் சொல்வது ஐஐஎம்கள், அதாவது இந்திய மேலாண்மைக் கழகங்கள் நடத்துவது.)

கேட்டில் மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், வரிசையை மாற்ற முடியாது. விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்வியில் சரிக்கு 3 மதிப்பெண், தப்புக்கு 1 கழியும். ஆகவே அங்கே தேறுபவர் எல்லாவற்றையும் போடுகிறவர் அல்ல, எதை விட வேண்டும் என்று தெரிந்தவர். 2024-இல் தரவு, தர்க்கப் பிரிவில் 22 கேள்விகள் ஐந்து செட்டுகளாக, அதாவது ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்விக் கொத்துகளாக வந்தன. முதல் ஐந்தாறு நிமிடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஐந்தையும் படித்து இரண்டு மூன்றைப் பொறுக்குவதுதான் பாதி வேலை. பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு, விடை போடாமல் செட் பொறுக்குவதை மட்டுமே தினமும் பழகலாம்.

ஜிமேட்டில் அந்தப் பேச்சே இல்லை. ஏதாவது ஒரு விடையைக் குறித்தால்தான் அடுத்த கேள்வி வரும். நீங்கள் போடுவதைப் பொறுத்து அடுத்தது கடினமாகவோ எளிதாகவோ அமையும். தப்புக்குக் கழிவு கிடையாது, ஆனால் பிரிவை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் அடிவாங்கும். மைனஸ் ஒன்றுக்குப் பயந்து பழகிய நான், ஊகித்துக் குறிக்க மனமில்லாமல் ஒரே கேள்வியில் நாலு நிமிடம் குந்திக் கிடந்தேன். கணக்கில் 21 கேள்விக்கு 45 நிமிடம், அதாவது ஒன்றுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். பிரிவு முடிந்தபின் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகளை மாற்றலாம். அந்த மூன்றை நம்பித்தான் துணிந்து நகர வேண்டும்.

இன்னொரு வித்தியாசம், விடையைக் கேட்காமல், விடை காணத் தரவு போதுமா என்று ஜிமேட்டில் கேட்கும் வகை. ஒரு மாதிரி பாருங்கள்: ஒரு கடையில் வேலை செய்பவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையா? தகவல் ஒன்று: அதை மூன்றால் பெருக்கினால் இரட்டைப்படை வரும். தகவல் இரண்டு: எண்ணிக்கை 40-க்கு மேல். எத்தனை பேர் என்று தேட ஆரம்பித்தால் தொலைந்தோம். மூன்று ஒற்றைப்படை, பெருக்கம் இரட்டைப்படையானால் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். முதல் தகவலே போதும், அவ்வளவுதான் விடை. பள்ளிக்கூடத்திலிருந்து விடையைக் கண்டுபிடித்தே பழகிய நமக்கு, 'தெரிந்துகொள்ள முடியும்' என்பதோடு நிறுத்துவது லேசில் வராது.

கால்குலேட்டர் விஷயமும் கவனிக்க வேண்டியது. கேட்டில் திரையிலேயே இருக்கும். ஜிமேட்டில் தரவுப் பிரிவுக்கு மட்டும். கணக்குப் பிரிவில் மனக்கணக்குதான்.

புத்தகம் வாங்குபவர்களுக்கு ஒன்று. 2023 நவம்பரில் ஜிமேட்டின் வடிவம் மாறியது. வாக்கியத் திருத்தம் போயிற்று, வடிவியல் போயிற்று, கட்டுரையும் போயிற்று. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த கைடில் கணிசமான பக்கங்கள் இனி எடைக்குத்தான். அதிகாரபூர்வத் தளத்தில் இரண்டு மாதிரித் தேர்வு இலவசம். அவற்றை முதல் வாரத்திலேயே இரண்டையும் எழுதித் தீர்த்துவிடாதீர்கள்.

யாருக்கு எது? கல்லூரி இறுதியாண்டு என்றால் கேட், யோசிக்கவே வேண்டாம். கட்டணமும் குறைவு, இட ஒதுக்கீடும் உண்டு. ஆனால் பல ஐஐஎம்கள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் சேர்த்தே பார்க்கும். அங்கே சறுக்கியவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஓராண்டுப் படிப்பையோ வெளிநாட்டையோ நினைப்பவருக்கு ஜிமேட்தான் சரி. ஹைதராபாத்தில் உள்ள ஐஎஸ்பி என்ற வணிகப் பள்ளி, அகமதாபாத் ஐஐஎம்-இன் ஓராண்டுப் படிப்பு எல்லாம் அதை ஏற்கின்றன. செலவு இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும், ஆனால் மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். சொதப்பினாலும் 16 நாள் கழித்து மறுபடி எழுதலாம். கேட்டில் சொதப்பினால் அடுத்த நவம்பர்தான்.

இரண்டும் வேண்டும் என்பவர்கள் ஒரே பருவத்தில் கலக்காதீர்கள். நவம்பர் கடைசி ஞாயிறு கேட்டை முடித்துவிட்டு, டிசம்பரில் புத்தகத்தைத் தொடாமல் இருந்து, ஜனவரியில் ஜிமேட்டைத் திறங்கள். கேள்வியைத் தாண்டிப் போகத் துடிக்கும் விரல் அடங்க எனக்கு அவ்வளவு நாள் ஆயிற்று.