டெஸ்மோஸ்: நேர்கோட்டில் திணறும் பிள்ளைக்கு

இரண்டாம் படிவத்தில் சாய்வும் மூன்றாம் படிவத்தில் நேர்கோடும் வரும்போது திணறும் பிள்ளை வீட்டில் இருந்தால், டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இணையத்தில் சமன்பாட்டை அடித்தால் கோட்டை வரைந்து காட்டும் டெஸ்மோஸ் வரைபடக் கால்குலேட்டரைத் திறந்து கொடுத்துப் பாருங்கள். இலவசம்தான், உள்ளே நுழையப் பதிவு செய்யவும் வேண்டாம். செந்தூலில் அக்கா மகனோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒய் = எம்எக்ஸ் + சி என்று அடித்ததும் எம் (சாய்வு), சி (கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்) இரண்டுக்கும் ஸ்லைடர், அதாவது இழுத்து மதிப்பை மாற்றும் பட்டை, வேண்டுமா என்று அதுவே கேட்கும். சி-யை நகர்த்தினால் கோடு சாய்வு மாறாமல் மேலும் கீழும் போகும். எம்-ஐ நகர்த்தினால் ஒய் அச்சை வெட்டும் இடம் அசையாது, அந்தப் புள்ளியைச் சுற்றிக் கோடு திரும்பும், எம் பூஜ்யமானால் படுத்துவிடும், அதற்கும் கீழே போனால் இடமிருந்து வலமாக இறங்க ஆரம்பிக்கும். வாத்தியார் பலகையில் பத்துக் கோடு போட்டாலும் இந்த அசைவைக் காட்ட முடியாது.

வெறும் எண்களாக விடாமல், வண்டியில் ஏறினால் 4 வெள்ளி, அப்புறம் கிலோமீட்டருக்கு 1.50 என்று வைத்துக்கொண்டு ஒய் = 1.5எக்ஸ் + 4 போட்டோம். 2 கிலோமீட்டருக்கு 7 வெள்ளி, 6 கிலோமீட்டருக்கு 13 வெள்ளி, கோட்டைத் தொட்டாலே தெரிகிறது. "வண்டி நகரவே இல்ல, அதுக்கே 4 வெள்ளியா மாமா?" என்றான். சரி, சி புரிந்துவிட்டது!

அமைப்புக்குள் (செட்டிங்ஸ்) போய் இரண்டு அச்சுக்கும் வேறு வேறு அளவு கொடுத்தால் இதே கோடு கிடுகிடுவென ஏறுவது போலவும் தெரியும், சப்பையாகவும் தெரியும், எம் மட்டும் 1.5-தான். வேண்டுமென்றே செய்து காட்டுங்கள். கண்ணை நம்பாமல், 2 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டருக்குப் போகும்போது ஒய் ஏறியது 6, எக்ஸ் நகர்ந்தது 4, வகுத்தால் 1.5 என்று கணக்குப் போடும் பழக்கம் அப்போதுதான் வரும். எம்-ஐ எவ்வளவு கூட்டினாலும் நட்டுக்குத்தான கோடு வராது; எக்ஸ் = 3 என்று தனியாக அடிக்க வேண்டும், அதில் எக்ஸ் நகர்வே பூஜ்யம் என்பதால் வகுக்கவும் முடியாது, சாய்வும் கிடையாது.

கோட்டை அதுவே வரைந்துவிடுவதால் பிள்ளையின் கைக்கு வேலை இல்லை, ஆனால் தேர்வில் 2 சென்டிமீட்டருக்கு 1 அலகு என்று அளவு கொடுத்து வரைபடத்தாளில் வரையச் சொல்வார்கள். முதலில் தாளில் வரையட்டும், பிறகு இதில் சரிபார்க்கட்டும். கைப்பேசித் திரை கொஞ்சம் நெருக்கடிதான், லேப்டாப் இருந்தால் அதிலேயே திறங்கள்.