ரீசெட் பட்டன் எங்கே? இன்டக்ஷன் அடுப்பு, ஆறு வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

"அடுப்பு பாதி சமையல்ல பீப் பீப்னு கத்திட்டு ஈ-ன்னு ஒரு எழுத்தும் நம்பரும் காட்டுது, ரீசெட் எப்படிப் பண்றது?" இன்டக்ஷன் வைத்திருக்கும் எல்லோரும் என்றாவது ஒருநாள் கேட்கும் கேள்வி. ரீசெட்டுக்கென்று தனிப் பட்டன் நம் ஊர் ஒற்றை அடுப்பு மாடல்களில் கிடையாது. பிளக்கைப் பிடுங்கி ஐந்திலிருந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி சொருகுவதுதான் ரீசெட். சுவிட்சை அணைத்து உடனே போட்டால் பலன் இருக்காது. உள்ளே கண்டன்சரில் மிச்சம் இருக்கும் கரன்ட்டில் கன்ட்ரோல் ஐசி உயிரோடுதான் இருக்கும், எரரும் அப்படியே நிற்கும்.

திரும்பச் சொருகும்போது டச் பேனல் மேல் ஈரமோ துணியோ விரலோ இருக்கக் கூடாது. கரன்ட் வந்த கணத்தில் இருக்கும் நிலையைத்தான் டச் ஐசி "யாரும் தொடவில்லை" என்று கணக்கு வைத்துக்கொள்ளும். ஈரத்தோடு ஆன் செய்தால் அந்தக் கணக்கே தப்பாகி, பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. பூட்டுப் படம் எரிந்தால் அது சைல்டு லாக். அந்த இடத்தை மூன்று விநாடி போல அழுத்திப் பிடித்தால் போதும். இதற்காக அடுப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் உண்டு.

ரீசெட் செய்தபின் பதினைந்து நிமிடம் ஒழுங்காக ஓடி, மறுபடி அதே எரர் வருகிறதா? அப்படியானால் ரீசெட் எதையும் சரி செய்யவில்லை. அடுப்பு ஆறுவதற்கு நேரம் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். கோளாறு காற்றில் இருக்கிறது. அடியில் ஒரு சின்ன ஃபேன் இருக்கிறதே, ஆறு வருஷமாக என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

2000 வாட் அடுப்பின் மொத்த ஆயுளும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் ஃபேனை நம்பி இருக்கிறது. அது கீழிருந்து காற்றை இழுத்து, ஐஜிபிடி (கண்ணாடிக்கு அடியில் உள்ள காயில் என்ற கம்பிச் சுருளுக்குக் கரன்ட்டைப் படுவேகமாக விட்டு விட்டு அனுப்பும் பாகம்) உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கட்டைமேல் ஊதுகிறது. அடுப்பின் கால் உயரமோ ஒரு விரற்கடை. நம் வீட்டில் அடுப்புக்குக் கீழே என்ன இருக்கும்? செய்தித்தாள், இல்லையென்றால் வழவழ பிளாஸ்டிக் விரிப்பு. ஃபேன் சுற்றியதும் தாள் மேலே எழும்பி ஓட்டையில் ஒட்டிக்கொள்ளும், காற்று நின்றுவிடும், ஐஜிபிடி பக்கத்து சென்சார் அலறும். முதலில் அந்த விரிப்பை எடுத்துவிடுங்கள். சூட்டு எரர்களில் பாதி அதிலேயே போய்விடும்.

அடுத்த தப்பு, சமையல் முடிந்ததும் சுவர் சுவிட்சை உடனே அணைப்பது. "கரன்ட் மிச்சம்" என்று நினைப்பு. அடுப்பை அதன் பட்டனில் அணைத்தால் ஃபேன் ஒரு நிமிடம் போல ஓடி உள்ளே ஆற்றிவிட்டுத்தான் நிற்கும். சுவரில் அணைத்தால் சூடு உள்ளேயே தங்கும். தினம் மூன்று வேளை இப்படிச் செய்தால் கண்டன்சர் எப்படித் தாங்கும்?

ஃபேன் கரகரவென்றால் புதிது வாங்குவதற்கு முன் கழற்றிப் பாருங்கள். நடு ஸ்டிக்கரை உரித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் கோந்தாகிவிடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் பழைய ஃபேனின் வோல்ட்டைப் பார்த்து அதையே வாங்குங்கள். பெரும்பாலும் 18 வோல்ட். கம்ப்யூட்டர் ஃபேன் அளவு பொருந்துகிறதே என்று 12 வோல்ட்டைப் போட்டால் ரொம்ப நாள் ஓடாது.

கரப்பானைச் சொல்லாமல் விட்டால் இந்த அடுப்பைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. வெதுவெதுப்பு, இருட்டு, எண்ணெய் வாசனை, உள்ளே போக விரல் நுழையும் ஓட்டை. இதை வடிவமைத்தவர் வீட்டுச் சமையலறையில் கரப்பானே கிடையாது போலிருக்கிறது. ஐஜிபிடியின் கால்களுக்கு நடுவே ஒன்று செத்துக் கிடந்தால் 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு முடிந்தது. கொசுவலை ஒட்டலாம். ஆனால் அதிலும் பிசுக்கு படிந்து காற்றை அடைக்கும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். பூச்சி ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள். இரவில் பிளக்கை எடுத்துவிட்டு, சமையலறைக்கு வெளியே செங்குத்தாக நிறுத்தி வைப்பதுதான் வேலைக்கு ஆகிற வழி.

எரர் எண்ணுக்கு இணையத்தில் அர்த்தம் தேடி ஏமாற வேண்டாம். ஒரு கம்பெனிக்கு ஈ1 என்றால் வோல்டேஜ் குறைவு, இன்னொன்றுக்கு சென்சார் கோளாறு. உங்கள் மாடல் புத்தகம் சொல்வதே கணக்கு. எண் எதுவானாலும் அடிப்படைக் காரணங்கள் ஐந்தாறுதான்: பாத்திரம் இல்லை, வோல்டேஜ் குறைவு, வோல்டேஜ் அதிகம், கண்ணாடிக்கு அடியில் உள்ள சென்சார், ஐஜிபிடி சென்சார், சூடு.

வோல்டேஜை அடுப்பு ஓடும்போது அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 225 காட்டிய சாக்கெட், 2000 வாட் இழுக்கும்போது 195-க்கு இறங்கினால் வயரிலோ சாக்கெட்டிலோ எங்கேயோ லூஸ். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்று பிளக் போட்டு ஓட்டினால் பிளக் உருகுவது அடுப்பின் குற்றம் இல்லை. 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரிலும் இதைப் போடாதீர்கள்.

கண்ணாடி சென்சார் என்பது காயிலின் நடுவே வெள்ளைப் பசையோடு நிற்கும் தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற மின்தடை குறையும் பாகம். பல மாடல்களில் 25 டிகிரியில் 100 கிலோ ஓம், நம் ஊர் 35 டிகிரி சமையலறையில் 65 போல காட்டும். சூடான டம்ளரைத் தொடவைத்தால் எண் இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் மாற்ற வேண்டும். பசை காய்ந்திருந்தால் புதுசு தடவ வேண்டும், இல்லையென்றால் சூட்டை லேட்டாகத்தான் உணரும்.

ஃபியூஸ் போயிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றாதீர்கள். அது சும்மா போவதில்லை. மின்னழுத்தம் எகிறி எம்ஓவி (அதிக வோல்டேஜிலிருந்து காக்கும் பாகம்) வெடித்திருக்கும், அல்லது ஐஜிபிடியோ, ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜோ ஷார்ட் ஆகியிருக்கும். திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே 325 வோல்ட் வரை நிற்கும். மல்டிமீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுவது நல்லது. ஐஜிபிடியின் கலெக்டர், எமிட்டர் என்ற இரண்டு கால்களுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து, முனைகளை மாற்றி வைத்தாலும் இரு முறையும் பீப் வந்தால் போய்விட்டது. மாற்றியபின் நேராகக் கரன்ட் கொடுக்காமல் 100 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் போட்டுப் பாருங்கள். பல்பு ஒருமுறை மின்னி அணைந்தால் நல்லது. முழுசாக எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. புது ஐஜிபிடியும் உடனே வெடித்தால், காயிலோடு சேர்ந்த 0.27 அல்லது 0.3 மைக்ரோஃபாரட் 1200 வோல்ட் கண்டன்சரையும், ஐஜிபிடியை இயக்கும் 18 வோல்ட் சரியாக வருகிறதா என்பதையும் பாருங்கள்.

சர்வீஸ் சென்டர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. "போர்டு போச்சு, புதுசு போடணும்", அதோடு பேச்சு முடிந்தது. ஐஜிபிடி, பிரிட்ஜ், ஃபியூஸ் மூன்றையும் சென்னையின் எலக்ட்ரானிக் கடைவீதியான ரிச்சி தெருவில் வாங்கினால் முழு போர்டு விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

ரிப்பேரில் சேராத எரிச்சல் ஒன்றும் இருக்கிறது, பால். 300 வாட் என்று வைத்தாலும் மலிவு மாடல்கள் 300 வாட்டைத் தொடர்ச்சியாகத் தருவதில்லை. அவ்வளவு குறைத்து ஓட்டினால் ஐஜிபிடி சூடாகும் என்பதால், சில விநாடி 1000-க்குப் பக்கத்தில் ஓடி, சில விநாடி நிற்கும். பால் எழும்பும், அடங்கும், எழும்பும், கண்ணை எடுத்தால் வழியும். இது கோளாறு இல்லை, ரீசெட்டும் உதவாது. அடி கனத்த பாத்திரம் இருந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். தோசைக்கல் நடுவில் மட்டும் கருகுவதும் இந்த வகைதான். காயில் சின்னது, கல் பெரிது. கல்லை மிதமான வாட்டில் வைத்துப் பொறுமையாகக் காயவிட வேண்டும். முதலிலேயே 2000 வைத்தால் அடி வளைந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், ஒரு லிட்டர் தண்ணீரை மூன்று நிமிடம் போலக் கொதிக்க வைத்து, பத்தில் ஒரு யூனிட்தான் எடுத்துக்கொள்கிறது. சிலிண்டர் தீர்ந்த ராத்திரியில் இதைவிட நல்ல பொருள் வீட்டில் வேறு கிடையாது.

வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. ஆனால் இது செத்தால் மறுநாளே இன்னொன்று வாங்குவேன், டச் இல்லாமல், அழுத்துகிற பட்டன் வைத்ததாக. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, அங்கேயே தலைகீழாகத் திருப்பி ஃபேன் கூட்டின் ஓட்டை எத்தனை பெரிசு என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.