சிமெண்டா, ரெசினா: மலைக்குள் குடையும் மின்நிலையத்துக்கு எந்த போல்ட்?

வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே நிற்கும் மலைகளை உற்றுப் பாருங்கள். கல் பொடிந்து உதிர்வதில்லை. வெடிப்புக் கோடுகளில் பிரிந்து, பாளம் பாளமாகக் கழன்று நிற்கிறது. சார்னகைட், நைஸ் வகைக் கல்லின் அமுக்க வலு பெரும்பாலும் 100 மெகாபாஸ்கலுக்கு மேல். உள்ளே குகை குடைந்தாலும் இதே குணம்தான்: முகடு நசுங்காது, ஜாயிண்டுகள், அதாவது அந்த வெடிப்புகள், குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஓர் ஆப்பு வடிவக் கல் நழுவி விழும். அந்த ஆப்பைப் பின்னாலுள்ள கல்லோடு சேர்த்துத் தைப்பதுதான் ராக் போல்ட்டின், அதாவது கல்லில் துளையிட்டுச் செருகும் எஃகுக் கம்பியின், வேலை.

வேலூரில் நிலத்தடி மின்நிலையம் கிடையாது. தமிழ்நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் கடம்பாறை: மலைக்குள் 100 மெகாவாட் யூனிட் நான்கு. அளவு புரிய இமாசலத்தின் நாத்பா ஜாக்ரி உதவும். அந்த மின்நிலையக் குகை 222 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 49 மீட்டர் உயரம். இந்த அளவுக் குகைக்கு முதல் கணக்கு இப்படிப் போகும்: முகட்டு போல்ட் நீளம் 2 மீட்டரோடு அகலத்தில் 0.15 பங்கு, ஆக 5 மீட்டர். சுவருக்கு அகலத்துக்குப் பதில் உயரம், அப்போது 9 மீட்டரைத் தாண்டும். சுவரில் கேபிள் ஆங்கர் (எஃகு வடம்) போட்டால் உயரத்தில் 0.35 பங்கு, சுமார் 17 மீட்டர். இது தொடக்கம்தான், முடிவு ஜாயிண்ட் மேப்பிங்கில், அதாவது வெடிப்புகளை அளந்து வரைவதில்.

கம்பியைத் துளைக்குள் பிடிக்க வைப்பது சிமெண்ட் க்ரவுட் (சிமெண்டும் தண்ணீரும் கலந்த கூழ்) அல்லது ரெசின் (இறுகும் பசை). இரண்டிலும் கம்பி ஒன்றே. 25 மி.மீ. எஃப்.இ. 500 ரகக் கம்பி சுமார் 245 கிலோநியூட்டனில், அதாவது ஏறக்குறைய 25 டன்னில், நிரந்தரமாக நீளத் தொடங்கும். ஆகவே "எது பலமானது" என்று கேட்பதில் பொருளில்லை. வித்தியாசம் துளையின் விட்டத்திலும், பிடிக்க எடுக்கும் நேரத்திலும் இருக்கிறது.

ரெசினுக்குத் துளை 32 மி.மீ. இருந்தால் நல்லது. கம்பிக்கும் கல்லுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால்தான் ரெசின் அடைத்த கேப்சூல் கிழிந்து, உள்ளிருக்கும் பசையும் கெட்டியாக்கியும் கலக்கும். நொறுங்கிய ஜாயிண்ட் வழியே டிரில் போனால் துளை அகன்றுவிடும். அப்போது கேப்சூலின் பிளாஸ்டிக் உறை கிழியாமல் கம்பிக்குக் காலுறை மாட்டியதுபோல் சுற்றிக்கொள்ளும். வெளியே தட்டு இறுக்கமாகத் தெரியும், உள்ளே பிடிப்பு இருக்காது. எதிர்ச் சிக்கலும் உண்டு. குவார்ட்ஸ் நிறைந்த நைஸில் டிரில் முனையான பிட் சீக்கிரம் தேயும். 30 மி.மீ.க்குத் தேய்ந்த பிட்டில் போட்ட துளைக்குள் 28 மி.மீ. கேப்சூல் பாதியிலேயே சிக்கும்.

5 மீட்டர் துளைக்கு இடைவெளி நிரம்ப, கழிவும் சேர்த்து, 28 மி.மீ. விட்டமும் அரை மீட்டர் நீளமும் உள்ள கேப்சூல் ஆறு வேண்டும். அடியில் வேகமாக இறுகுவது ஒன்றோ இரண்டோ, மிச்சம் மெதுவாக இறுகுவது. கம்பியைச் சுழற்றிக்கொண்டே அடிவரை தள்ளி, கம்பெனித் தாளில் உள்ள வினாடி முடிந்ததும் நிறுத்த வேண்டும். கூடுதலாகச் சுற்றினால் இறுகத் தொடங்கிய பசை உடையும். அடி பிடித்ததும், மெதுவானது இளகலாக இருக்கும்போதே நட்டை முறுக்க வேண்டும். இழுவிசை அப்படியே பூட்டிக்கொள்ளும். இந்த வசதி வெறும் சிமெண்டில் கிடையாது.

இங்கே வேலூர் வெயிலையும் கணக்கில் எடுக்கணும். மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும் ஊரில் தகரக் கொட்டகைக்குள் கேப்சூல் பெட்டியை அடுக்கினால் ஆயுள் குறையும், இறுகும் நேரமும் சுருங்கும். கம்பி அடியைத் தொடுமுன் பசை பிடித்துக்கொண்டால் போல்ட் அரை மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வெட்டிவிட்டுப் பக்கத்தில் வேறு துளை போடுவதைத் தவிர வழியில்லை. குளிர்ந்த இடத்தில் வைத்து, அந்த ஷிஃப்டுக்கு வேண்டியதை மட்டும் முகப்புக்கு எடுத்துப் போவதே நல்லது.

சிமெண்ட் இத்தனை நுணுக்கம் பார்க்காது. 38 மி.மீ. துளை, 5 மீட்டர் ஆழம், 25 மி.மீ. கம்பி என்றால் இடைவெளி 3.2 லிட்டர். தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.38 வைத்தால் 50 கிலோ மூட்டைக்கு 19 லிட்டர் தண்ணீர், கிடைக்கும் க்ரவுட் சுமார் 35 லிட்டர். ஒரு போல்ட்டுக்கு 4.6 கிலோ சிமெண்ட். சிந்தலும் சேர்த்தால் மூட்டைக்கு ஒன்பது போல்ட். பம்ப் அடைக்கிறது என்று ஆள் தண்ணீரைக் கூட்டுவதுதான் வழக்கமான தவறு: க்ரவுட் படிந்து, மேலே தண்ணீர் நிற்கும். முகட்டில் துளை மேல்நோக்கி இருப்பதால் அந்த வெற்றிடம் சரியாகத் துளையின் உச்சியில், போல்ட் பிடிக்க வேண்டிய இடத்திலேயே வரும்.

மேல்நோக்கிய துளையில் காற்றுக் குழாயை உச்சிவரை கம்பியோடு கட்டி, க்ரவுட் குழாயை வாயில் மட்டும் வைத்து, வாயைக் காட்டன் வேஸ்டும் வேகமாக இறுகும் சிமெண்டும் வைத்து அடைக்கணும். காற்றுக் குழாயில் கெட்டியான க்ரவுட் திரும்பி வந்தால்தான் நிரம்பியதாக அர்த்தம். நுரைத்த தண்ணீர் வருவது கணக்கில்லை.

இழுவைச் சோதனையை நம்பி ஏமாறாதீர்கள். நல்ல கல்லில் ஒரு மீட்டர் க்ரவுட்டே கம்பியின் முழு வலுவைத் தாங்கிவிடும். மீதி நான்கு மீட்டர் காலியாக இருந்தாலும் கம்பியை இழுத்துப் பார்க்கும் ஜாக் பாஸ் சொல்லும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு க்ரவுட் போனது என்று எழுதி வைப்பதுதான் நேர்மையான சோதனை. 3.2 லிட்டருக்குப் பதில் 2 லிட்டர் போனால் எங்கோ குழாய் அடைத்திருக்கிறது. 10 லிட்டர் போனால் ஜாயிண்ட் குடிக்கிறது.

நீர் ஒழுகும் துளையில் சிமெண்ட் கரைந்து ஓடும், அங்கே ரெசின். உடனடிப் பிடிப்புக்கு, முனை விரிந்து கல்லைக் கவ்வும் விரிகூடு போல்ட்டும் உண்டு, ஆனால் அடுத்த வெடியின் அதிர்வில் அது தளரும். பின்னால் க்ரவுட் செய்யாவிட்டால் துருவும் பிடிக்கும். சுமார் 300 பார் நீரழுத்தத்தில் ஊதி விரியும் குழாய் போல்ட் இன்னும் வேகம். ஆனால் தகடு மெல்லியது, ஐம்பது வருடம் நிற்க வேண்டிய முகட்டுக்கு அதை நம்ப முடியாது.

எங்கள் தேர்வு: முகடு முதலில் திறக்கும்போது ரெசின், பெஞ்ச் பெஞ்சாக, அதாவது படிப்படியாகக் கல்லை வெட்டிக் கீழே இறங்கும்போது சுவருக்குச் சிமெண்ட். 9 மீட்டர் கம்பியை ரெசினுக்குள் சுழற்றி அடிவரை கொண்டுபோவது நடக்காத காரியம். முகட்டைத் தாங்க எஃகு வளைவு வேண்டாம். கல்லுக்கும் வளைவுக்கும் இடைவெளி இருக்கும்வரை அது சும்மா நிற்கும். போதாததற்கு, பெஞ்ச் எடுக்கும்போது வளைவின் கால் நிற்கும் கல்லையே வெட்ட வேண்டிவரும்.

போல்ட்டுகளுக்கு நடுவே உதிரும் சில்லுக்கு ஷாட்கிரீட், அதாவது பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட். வெடித்த கரடுமுரடான முகத்தில் வலை கட்டினால் பின்னால் பொந்து நிற்கும். கன மீட்டருக்கு 30 முதல் 40 கிலோ எஃகு நார் கலந்த ஈரக் கலவை மேடுபள்ளத்தோடு ஒட்டிப் போகும். இறுகியதும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: கணீர் என்றால் ஒட்டியிருக்கிறது, பானையைத் தட்டியதுபோல் டொக்கென்றால் பெயர்த்துவிட்டு மறுபடி அடிக்கணும்.