ஜிஎஃப்எஸ்2: மவுன்ட் தொங்கினால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள்

மூன்று சர்வர்கள், பின்னால் ஒரே சான் ஸ்டோரேஜ் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் டிஸ்க்), மூன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். இதற்கு எங்களிடம் ஓடுவது ஜிஎஃப்எஸ்2, பல சர்வர்கள் (நோடுகள்) ஒரே டிஸ்க்கைப் பகிர்ந்துகொள்ள உதவும் கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம். 2006-லிருந்து லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. படிப்பதிலும் எழுதுவதிலும் எனக்குப் பெரிய குறை இல்லை. ஆளைப் படுத்துவது மவுன்டும் அன்மவுன்டும்தான், அதாவது ஃபைல் சிஸ்டத்தைச் சர்வரில் இணைப்பதும் கழற்றுவதும்.

மவுன்ட் கொடுத்தால் சில சமயம் அப்படியே நின்றுவிடும். பிழைச் செய்தி வராது, கன்ட்ரோல்-சிக்கும் அசையாது. டிஸ்க் போய்விட்டது என்று உடனே ஸ்டோரேஜ் டீமுக்குப் போன் போடாதீர்கள். நோடுகளுக்கு லாக் (பூட்டு) கொடுக்கும் லாக் மேனேஜர்தான் டிஎல்எம்; முதலில் அதன் நிலையைக் காட்டும் 'டிஎல்எம்_டூல் எல்எஸ்' அடித்துப் பாருங்கள். 'வெயிட் ஃபென்சிங்' (பழுதான நோடைத் துண்டிக்கக் காத்திருக்கிறது) என்று காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது: ஏதோ ஒரு நோடு தொடர்பில்லாமல் கிடக்கிறது, அதன் பவரை அணைத்தாயிற்று என்று உறுதியாகும்வரை லாக் மேனேஜர் யாருக்கும் புது லாக் தராது.

எங்களுக்கு இப்படித்தான் ஆனது. இரண்டாவது நோடு விழுந்ததும் மற்ற இரண்டிலும் 'எல்எஸ்' கூட உறைந்தது. கிளஸ்டரை நிர்வகிக்கும் பேஸ்மேக்கரின் லாகை (பதிவை) பார்த்தால், நோடை அணைக்கும் ஃபென்ஸ் ஏஜென்ட், சர்வரின் பவரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் ஐபிஎம்ஐயில் லாகின் ஆக முடியாமல் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருந்தது. ஐபிஎம்ஐ பாஸ்வேர்டு மாறியிருந்தது. புதியதைப் போட்டோம். அந்த நோடு அணைந்தது, அதன் ஜர்னல் (மாற்றங்களின் குறிப்பேடு) ரீப்ளே ஆனது, தொங்கிய மவுன்ட் யாரும் தொடாமலே முடிந்தது. இந்தப் பிடிவாதத்துக்காகவே இதை எனக்குப் பிடிக்கும். பாதி உயிரோடு இருக்கும் நோடு ஒன்று டிஸ்க்கில் எழுதிவிட்டால் போகிற டேட்டாவை யார் திருப்பித் தருவார்கள்?

மவுன்ட் தொங்காமல் பிழையோடு திரும்பினால் நிம்மதி; கர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' காரணத்தைச் சொல்லிவிடும். நோடுக்கு ஒரு ஜர்னல் வேண்டும். மூன்று ஜர்னலோடு ஃபார்மேட் செய்துவிட்டு நான்காவது நோடைச் சேர்த்தால் ஏறாது. ஏற்கெனவே மவுன்ட் ஆன நோடில் 'ஜிஎஃப்எஸ்2_ஜேஆட்' ஓட்டினால் சரியாகிவிடும். கிளஸ்டர் பெயரை மாற்றியிருந்தால் சூப்பர்பிளாக்கில் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் இடம்) உள்ள லாக் டேபிள் பெயரையும் 'டியூன்ஜிஎஃப்எஸ்2' கொண்டு மாற்ற வேண்டும்.

அன்மவுன்டில் 'பிஸி' என்று வந்தால் 'ஃபியூசர் -விஎம்' போடுங்கள், யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். யாராவது அந்த டைரக்டரிக்குள் ஷெல்லைத் திறந்து வைத்திருப்பார்கள். அதில் எந்த ப்ராசஸும் சிக்காவிட்டால் என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட் (நெட்வொர்க்கில் மற்ற மெஷின்களுக்குப் பகிர்வது) இருக்கிறதா என்று பாருங்கள். கர்னல் பிடித்திருந்தால் ஃபியூசர் ப்ராசஸ் எண்ணுக்குப் பதில் 'கர்னல்' என்றுதான் காட்டும். தயவுசெய்து 'யூமவுன்ட் -எல்' பக்கம் போகாதீர்கள். பாதைதான் கண்ணிலிருந்து மறையும். கோப்பு திறந்திருக்கும்வரை அந்த நோடு லாக்குகளோடு உள்ளேயேதான் இருக்கும்.

இன்னொன்று, கையால் மவுன்ட் செய்ததைக் கையாலேயே அன்மவுன்ட் செய்யுங்கள். இல்லையென்றால் ஷட்டவுனில் கிளஸ்டர் முதலில் இறங்கிவிடும், மெஷின் அங்கேயே நிற்கும். டிஎல்எம், எல்விஎம்லாக்டி (எல்விஎம் வால்யூம்களுக்கான லாக் சேவை), ஃபைல் சிஸ்டம் என்ற வரிசையில் எல்லாவற்றையும் பேஸ்மேக்கரிடம் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஃபென்சிங்கை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கும் டீமுக்கு ஜிஎஃப்எஸ்2-வைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் ரெட் ஹாட்காரர்கள் கவனிக்க: ஜிஎஃப்எஸ்2 வரும் ரெசிலியன்ட் ஸ்டோரேஜ் ஆட்-ஆன் ஆர்ஹெச்இஎல் (ரெட் ஹாட்டின் லினக்ஸ்) 10-லிருந்து கிடையாது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நாங்கள் 9-இல் இருக்கிறோம், இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை.