லிட்டர் கணக்கைத் தாண்டி: 7 அடி 2 அங்குல அலைச்சறுக்குப் பலகையுடன் நீண்ட பழக்கம்

கோவளம் கடலில் பல பருவங்களாக நான் பயன்படுத்திவரும் பலகை 7 அடி 2 அங்குல நீளமும், 21½ அங்குல அகலமும், 2¾ அங்குலத் தடிமனும், ஏறத்தாழ 47 லிட்டர் கொள்ளளவும் கொண்டது. பலகை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இந்த லிட்டர் எண்ணைத்தான். பலகை ஆளைத் தாங்குமா, கைகளால் துழாவி அலையைப் பிடிப்பது எளிதாக இருக்குமா என்பதை அது ஓரளவு சொல்லிவிடும். எழுந்து நின்ற பிறகு பலகை எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லாது. அதைத் தீர்மானிப்பவை ராக்கரும் ரெயிலும் ஃபின்களுமே.

மூக்கிலிருந்து வால்வரை அடிப்பகுதி வளைந்து செல்லும் வளைவே ராக்கர். என் பலகையில் அது குறைவு. ஆகவே, கடற்காற்று கிளம்புவதற்கு முந்தைய காலை நேரத்தில் வரும் வலுவற்ற அலைகளிலும் விரைவாக நழுவிச் செல்கிறது. வடகிழக்குப் பருவத்தில் அலைகள் செங்குத்தாக எழும்போதோ மூக்கு தண்ணீருக்குள் குத்தப் பார்க்கிறது. சற்றே சாய்வாக இறங்கினால்தான் தப்பலாம். நம் கரையின் கட்டுமரங்களில் அணியம் எனப்படும் முன்முனை மேல்நோக்கி வளைந்திருப்பதும் உடையும் அலையைக் கடப்பதற்காகத்தான்.

பலகையின் பக்க விளிம்பான ரெயிலைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது. வட்டமான ரெயிலைத் தண்ணீர் சுற்றித் தழுவுவதால் பிடிமானம் கிடைக்கிறது. கூரிய அடிவிளிம்பிலிருந்து தண்ணீர் பிரிந்துவிடுவதால் வேகம் கிடைக்கிறது. என் பலகை முன்பாதியில் மென்மையாகவும் வாலருகே கூர்மையாகவும் செதுக்கப்பட்டிருக்கிறது. இதே லிட்டர் அளவில் தடித்த ரெயில் கொண்ட நண்பர் ஒருவரின் பலகையில் திரும்ப முயன்றபோது, விளிம்பு தண்ணீருக்குள் இறங்கவே மறுத்தது. நுரைப்பொருள் எவ்வளவு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்.

வாலருகே அடிப்பகுதியில் பொருத்தப்படும், மீன்துடுப்பு போன்ற தகடுகளே ஃபின்கள். என் பலகையில் இருப்பது மூன்று ஃபின்கள் கொண்ட த்ரஸ்டர் அமைப்பு. ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீரர் சைமன் ஆண்டர்சன் 1980-இல் இதை உருவாக்கி, 1981-இல் பெல்ஸ் பீச் போட்டியில் வென்று காட்டினார். அக்காலத்தில் இரட்டை ஃபின் பலகையில் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை வென்றுவந்தார் என்பதை நினைத்தால், அந்த மாற்றத்தின் துணிச்சல் விளங்கும். நடு ஃபின் தரும் பிடிப்பு பெரிய அலையில் நம்பிக்கையளிக்கிறது. சிறிய அலையில் இரட்டை ஃபின்னின் தளர்வான ஓட்டமே எனக்கு இனிமை.

என் பலகை உள்ளே ஈபிஎஸ் எனப்படும் தெர்மோகோல் வகை நுரையும் மேலே எபாக்சிப் பிசின் பூச்சும் கொண்டது என்பதால் எடை குறைவு. ஆனால் மதியக் காற்று தண்ணீரைக் கலைத்துவிட்டால் இது துள்ளுகிறது. பாலியூரித்தேன் நுரையாலான பலகை அதில் அமைதியாகப் படிந்து ஓடும். சிறு விரிசல் விழுந்தாலும் நீர் நுரைக்குள் ஊறும் என்பதால், நன்கு உலர்த்திய பிறகே அடைக்க வேண்டும்.

தொடக்க நிலையைக் கடந்து, அலையின் ஓரமாக ஓடப் பழகுபவர்களுக்கு இப்பலகையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுத்த பலகைக்கு இதே லிட்டர் அளவையே கேட்பேன். மூக்கில் சிறிது கூடுதல் ராக்கரும், சற்று மெல்லிய ரெயிலும் மட்டும் வேண்டும்.