பாலிகிளினிக், செஹத், இ-சஞ்சீவனி: முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கு எது எப்போது கைகொடுக்கும்?

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவே இருக்காது. பென்ஷன் வாங்கி ஊர் திரும்பியவர்களில் பலருக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கும். இவர்களுக்காகவே 2003 ஏப்ரல் 1 முதல் இசிஎச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடக்கிறது. அதன் மருத்துவ மையங்களான பாலிகிளினிக்குகள் நாடு முழுக்க 400-க்கும் அதிகம். ஆனால் பாலிகிளினிக் இருப்பது நகரத்தில், மனிதர் இருப்பது பஸ் அடிக்கடி வராத கிராமத்தில்.

இந்தத் தூரத்தைக் குறைக்க இன்று பல வழிகள் இருக்கின்றன. டாக்டரிடம் வீடியோவில் பேச ராணுவத்தின் செஹத் ஓபிடி, அதேபோல் பொதுமக்களுக்கான அரசின் இ-சஞ்சீவனி, மனநலத்துக்கு டெலி-மானஸ், தமிழ்நாட்டில் கூடுதலாக மக்களைத் தேடி மருத்துவம். ‘எது நல்லது?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. டாக்டர் முகத்தைத் திரையில் பார்ப்பது இன்று பெரிய காரியமில்லை. பார்த்த பிறகு மருந்து எப்படிக் கைக்கு வரும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ரெஃபரல் யார் போடுவார்கள் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் நான் இவற்றை எடைபோடுகிறேன்.

செஹத்: சொந்த ஆட்கள், ஆனால் பாதி வழி

செஹத் ஓபிடியை 2021 மே 27 அன்று பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் தொடங்கிவைத்தார். பணியில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், இரு தரப்பின் குடும்பத்தினரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இணையதளமும் உண்டு, செயலியும் உண்டு. மொபைல் எண்ணைப் போட்டு, ஓடிபி அடித்து, விவரம் நிரப்பினால் டோக்கன் வரும். முறை வந்ததும் ராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்த டாக்டர் வீடியோவில் வருவார். முடிந்ததும் மருந்துச் சீட்டைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

எங்கள் பெரியப்பா பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்தவர். அந்தப் பிரிவில் இருந்த பலரைப் போல அவருக்கும் காது மந்தம். ஒருமுறை கால் வீக்கத்துக்காக செஹத்தில் பேசவைத்தோம். டாக்டர் ‘ஜெய் ஹிந்த் சாப்’ என்று ஆரம்பித்து எந்த யூனிட் என்று விசாரித்ததுமே பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, விரலை எடுத்த பிறகு குழி அப்படியே நிற்கிறதா என்று கேமராவில் காட்டச் சொன்னார் டாக்டர். திண்ணையில் வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்ட பிறகுதான் தெரிந்தது. குழி நின்றது. ‘இது போனில் முடிகிற விஷயமில்லை, ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கணும், இசிஜி எடுக்கணும், உடனே பாலிகிளினிக் போங்க’ என்றார். எனக்கு அந்த ஆலோசனையே பெரிய உதவியாகப் பட்டது. அதுவரை பெரியப்பா ‘நடந்தா சரியாயிடும்’ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். யூனிஃபார்ம்காரர் சொன்னதும் மறுநாளே கிளம்பிவிட்டார்.

செஹத்தின் பலம் அதுதான். பட்டாளத்து வாழ்க்கை, டிசெபிலிட்டி பென்ஷன், பழைய மெடிக்கல் போர்டு பேப்பர் எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

பலவீனம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. தொடக்க விழாவிலேயே ராஜ்நாத் சிங், சிறப்பு மருத்துவர்களைச் சேர்த்து, மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று ராணுவ மருத்துவப் பிரிவிடம் சொன்னார். சரியான இடத்தைத் தொட்ட யோசனை. செஹத்திலிருந்து வருவது சீட்டு. மருந்துக்கு வெளியே போயாக வேண்டும். எம்பேனல் ஆஸ்பத்திரியில், அதாவது இசிஎச்எஸ் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில், பணம் கட்டாமல் வைத்தியம் பார்க்க வேண்டுமானால், அவசரம் தவிர மற்ற நேரங்களில் பொதுவாகப் பாலிகிளினிக் ரெஃபரல் வேண்டும். அதற்கும் பெரும்பாலும் நேரில் போவதுதான் வழி.

இன்னொன்று மொழி. பதினேழு வருஷமோ இருபத்துநாலு வருஷமோ சர்வீஸ் போட்டவருக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. அவர் மனைவிக்கு? கணவர் எல்லையில் இருந்த காலமெல்லாம் ஊரிலேயே இருந்து பிள்ளைகளை வளர்த்தவர்களுக்குத் தமிழ் மட்டும்தான். செஹத்தில் வரும் டாக்டர் பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். கர்ப்பப்பை பிரச்சினையை மகனை மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு தாய் எப்படிச் சொல்வார்?

இ-சஞ்சீவனி: வீட்டுப் பெண்களுக்கு இதுதான்

அந்த இடத்தில் இ-சஞ்சீவனி முந்துகிறது. செஹத், இ-சஞ்சீவனி இரண்டுக்கும் பின்னால் இருப்பது மொகாலியில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் தொழில்நுட்பம்தான். ஓடிபி, டோக்கன், வரிசை, சீட்டு என்று நடைமுறையும் ஏறக்குறைய ஒன்றே. வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதி கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில் வந்தது. தமிழ்நாட்டு டாக்டர் கிடைத்தால் பேச்சு தமிழில். ஸ்மார்ட்போன் இல்லாவிட்டாலும் அரசு நலவாழ்வு மையத்துக்குப் போனால், அங்கிருப்பவரே டாக்டரை இணைப்பில் பிடித்துத் தருவார். பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, அந்த எண்களோடு டாக்டரிடம் பேசுவது வீட்டில் தனியாகப் போனைப் பிடித்துக்கொண்டு பேசுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் இசிஎச்எஸ் என்ற ஒன்று இருப்பதே இங்கே கணக்கில் வராது. மருந்துக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையம், இல்லையென்றால் சொந்தக் காசில் மருந்துக்கடை.

தனியார் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவு நேரத்தில் உடனே டாக்டர் கிடைப்பார் என்பது உண்மை. கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

எந்தச் செயலியாக இருந்தாலும் ஒரு விதி எல்லாருக்கும் பொது. 2020 மார்ச் 25 அன்று வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறை மருந்துகளைப் பட்டியல் போட்டுப் பிரித்திருக்கிறது. சாதாரண மருந்துகளை எந்த வழியிலும் எழுதலாம். சிலவற்றை முதல்முறையே எழுத வேண்டுமானால் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். சிலவற்றை, அதே நோய்க்கு ஏற்கெனவே நேரில் பார்த்து மருந்து எழுதியவர் மட்டுமே தொடர் ஆலோசனையில் சேர்க்க முடியும். மார்ஃபின் போன்ற போதை மருந்துகளைப் போன் வழியாக எழுதவே கூடாது. புற்றுநோய் வலிக்கு அதைச் சாப்பிடுகிற ஒருவரை வைத்துக்கொண்டு செயலியில் காத்திருப்பது வீண். நேராகப் பாலிகிளினிக் போய் ரெஃபரல் வாங்குவதே வேகமான வழி.

மாத மருந்து: பாலிகிளினிக்கும் மக்களைத் தேடி மருத்துவமும்

இந்த வயதில் முக்கால்வாசி அலைச்சல் மாத மருந்துக்காகத்தான். பாலிகிளினிக்கில் வழக்கமாக ஒரு மாதத்துக்குத்தான் தருவார்கள். இருப்பில் இல்லாததை ‘என்ஏ’ என்று குறித்துக் கொடுப்பார்கள், அதற்கு மறுபடி ஒரு நடை. இங்கே செயலிகளைவிட உதவுவது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். பிரஷர், சர்க்கரை மாத்திரையைத் தன்னார்வலர் வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறார், அளவும் பார்த்துவிட்டுப் போகிறார். ‘நமக்குத்தான் இசிஎச்எஸ் இருக்கே’ என்று பட்டாளத்துக் குடும்பங்கள் இதைக் கேட்டுப்பார்ப்பதே இல்லை. உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே எச்சரிக்கை: இரண்டு இடத்திலும் மருந்து வாங்கினால் ஒரே மாத்திரை இரண்டு பெயரில் டப்பாவில் சேர்ந்துவிடும். அட்டையின் பின்பக்கம் உள்ள மருந்தின் மூலப்பெயரைப் படித்து, ஒரு தாளில் பட்டியல் எழுதி டப்பாவுக்குள்ளேயே வையுங்கள்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை இதை வேறு மாதிரி அமைத்திருக்கிறது. அங்கே வீடியோ ஆலோசனைக்குப் பின்னால் தபால் மருந்தகம் நிற்கிறது. வெளிநோயாளிகளுக்கான மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு தபாலிலேயே வீடு போய்ச் சேருகிறது. 2018 முதல் அந்தத் துறையின் டாக்டர் எந்த மாநிலத்தில் இருந்துகொண்டும் எந்த மாநில வீரருக்கும் போன் வழி வைத்தியம் பார்க்கலாம். நம் நாட்டில் அஞ்சல் அலுவலகம் இல்லாத வட்டாரம் எது? சீட்டை எழுதும் கையையும் மருந்து கொடுக்கும் கையையும் இணைக்காதவரை செஹத் அரை வைத்தியமாகத்தான் நிற்கும்.

தூக்கம் வராத இரவுகளுக்கு

மனநலத்தில் மட்டும் நேரில் போவதைவிடப் போன் மேலானது என்று உறுதியாகச் சொல்வேன். 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன அமைதிப்படையில் தமிழ் வீரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இன்று அறுபதை ஒட்டிய வயதோ அதற்கு மேலோ. கார்கிலில் இருந்தவர்கள் அவர்களுக்கு அடுத்த தலைமுறை. திடுக்கிட்டு எழுவது, குடி, யாரிடமும் பேசாமல் இருப்பது இவற்றுக்காக பாலிகிளினிக் வரிசையில், பழைய யூனிட் ஆட்கள் பார்க்க, நிற்க மாட்டார்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸுக்கு 14416 என்ற எண் போதும். பட்டன் போனிலிருந்தே கூப்பிடலாம், கட்டணமில்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். படையினருக்கென்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவு ஒன்றும் 2023 டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்டது. மனைவியோ மகளோகூட முதலில் கூப்பிட்டு, வீட்டில் நடப்பதைச் சொல்லி யோசனை கேட்கலாம்.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் இழுப்பது, மூச்சுத்திணறல் என்றால் மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். எம்பேனல் ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் இல்லாமலே போகலாம். வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், பில் பணம் திரும்ப வருவது அதைப் பொறுத்தது.

விதவையாகிவிட்ட அம்மாக்கள் இருக்கும் வீடுகளில் உடனே பார்க்க வேண்டியது மொபைல் எண். பல வீடுகளில் இசிஎச்எஸ் பதிவில் இன்னும் இறந்துபோன கணவரின் எண்தான் இருக்கிறது. அந்த சிம் செத்துப்போயிருந்தால் ஓடிபி வராது. பாலிகிளினிக்கில் எண்ணை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கலெக்டர் ஆபீஸில் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் நாளில், மருந்தைத் தபாலில் அனுப்பக் கேட்டும் ஒரு மனு கொடுங்கள்.