சிப்பாயின் சிவப்புக் கோட்டு: வெல்வெட்டா, சூட்டிங்கா, பருத்தி டிரில்லா?

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்ததை நாடகமாகப் போடுகிற குழு, உடையைக் கடைசி வேலையாகத் தள்ளிவைக்க முடியாது. அந்தக் கதையே உடையில்தான் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் தலைமைத் தளபதியாக இருந்த ஜான் கிராடாக் காலத்தில், 1805 நவம்பரில், புதிய விதிகள் வந்தன. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலில் செய்த குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். அதைத் தலையில் வைக்க மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. இந்தக் கோபம் பார்ப்பவரைத் தொட வேண்டுமானால், தலைப்பாகையோடு அதற்குக் கீழே இருக்கும் சிவப்புக் கோட்டும் உண்மையாகத் தெரிய வேண்டும்.

எங்கள் பகுதி நாடகக் குழுவில் தையல் பொறுப்பு என்னுடையது. வெல்வெட், பாலியெஸ்டர் கலந்த சூட்டிங், பருத்தி டிரில் (சாய்வு நெசவில் வரும் கெட்டிப் பருத்தித் துணி) ஆகிய மூன்று துணிகளிலும் சிவப்புக் கோட்டு தைத்து, மூன்றையும் நடிகர்களுக்குப் போட்டு ஒத்திகை பார்த்தோம். இப்போது எல்லாச் சிப்பாய்களுக்கும் டிரில்தான். எனக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை.

வாடகைக்கு எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாடக உடை வாடகைக் கடைகளில் ராஜா, மந்திரி உடைகள் தாராளமாகக் கிடைக்கும். கம்பெனிச் சிப்பாய் கிடைப்பது அரிது. பேண்டு வாத்தியக் குழுக்களின் சிவப்புக் கோட்டு தூரத்தில் பார்க்கப் பொருத்தமாகத் தெரியும். ஆனால் கல்யாண ஊர்வலத்தில் அதை ஆயிரம் முறை பார்த்த கண்களுக்குக் கோட்டைக் காவல் நினைவுக்கு வராது. பழைய கல்யாண சூட்டைப் பிரித்துத் தைப்பதும் உதவவில்லை. இன்றைய சூட்டின் தோளில் பஞ்சுத் திண்டு இருக்கும், கைக்குழி கீழே இறங்கியிருக்கும். அந்தக் காலக் கோட்டில் தோள் திண்டு கிடையாது. கைக்குழி சிறியதாக, அக்குளுக்கு நெருக்கமாக இருக்கும். அப்படி இருந்தால்தான் துப்பாக்கியைத் தூக்கும்போது கை மட்டும் எழும், கோட்டு முழுவதும் கழுத்துவரை ஏறிக்கொள்ளாது. எந்தத் துணி எடுத்தாலும் முதலில் மலிவான காடா துணியில் ஒரு மாதிரி தைத்து, நடிகரைக் கைதூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். வெட்டு மூன்றுக்கும் ஒன்றுதான். துணியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெல்வெட்டின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மேடை விளக்கில் அதன் சிவப்புக்கு ஒரு ஆழம் வருகிறது. துணியின் மடிப்புகள் கறுத்து, மேடுகள் ஒளிர்ந்து, நடிகர் நிற்கும்போதே ஒரு கனம் தெரிகிறது. குழுவில் பெரும்பாலோர் முதலில் கேட்டதும் அதைத்தான். தைக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். வெல்வெட்டின் மென்மயிர் ஒரு திசையில் படிந்திருக்கும். எல்லாத் துண்டுகளையும் அதே திசையில் வெட்டவில்லையென்றால் ஒரு கை அடர்சிவப்பாகவும் மற்றொரு கை வெளிறியும் தெரியும். அதனால் துணி கூடுதலாகச் செலவாகும். இரண்டு அடுக்கைச் சேர்த்துத் தைக்கும்போது மேல் அடுக்கு நகர்ந்துகொண்டே போகும். முதலில் கையால் நூலோட்டி நிறுத்திவிட்டுத்தான் இயந்திரத்தில் ஓட்ட வேண்டும். மேல் பக்கத்தில் இஸ்திரி வைத்தால் மென்மயிர் நசுங்கி, பெட்டியின் அச்சு அப்படியே விழுந்துவிடும். இன்னொரு கேள்வியும் உண்டு: சாதாரணச் சிப்பாய்க்கு இத்தனை பளபளப்பு ஏன்? வெல்வெட் போட்டவர் தர்பாரில் நிற்பவர்போலத்தான் தெரிகிறார்.

சூட்டிங் துணியின் பலம் அதன் ஒழுங்கு. கசங்காது, சாயம் போகாது, சீருடைத் துணி விற்கும் கடைகளில் சிவப்பிலேயே கிடைக்கும், தைப்பது சுலபம். முதல் முறை கோட்டு தைக்கிறவர் இதில் தொடங்கினால் நான் தடுக்க மாட்டேன். குறை இரண்டு. ஒன்று, விளக்கு நேராக விழும்போது அது மினுமினுக்கிறது. இஸ்திரிப் பெட்டி சற்று அதிகமாகச் சுட்டுவிட்டால் தையல் விளிம்புகளில் அந்த மினுமினுப்பு நிரந்தரமாகிவிடும். இரண்டாவது, வியர்வை. பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. உடலின் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறது. துவைத்த பிறகும் வாடை போவதில்லை, உடல் சூடு பட்டதும் திரும்ப எழுகிறது.

இங்கேதான் என் முடிவுக்கான காரணம் இருக்கிறது. நாடகக் கோட்டை நாம் ஒரு நாள் தைக்கிறோம். அதன்பின் அது உயிரோடு இருக்கும்வரை துவைத்துக்கொண்டே இருக்கிறோம். வேலூரின் வெயில் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. திறந்தவெளி மேடை, மாலை நேரம், முகத்துக்கு நேரே விளக்கு, கழுத்துவரை மூடிய கோட்டு, அதன்மேல் குறுக்குப் பட்டை, தலையில் பாகை. இத்தனையோடு ஒருவர் ஓடிச் சண்டையிடுகிறார். காட்சி முடிந்து கழற்றும்போது கோட்டைப் பிழியலாம். அடுத்த நாளும் நாடகம் இருந்தால் அதே கோட்டை அவர் திரும்பப் போட வேண்டும். ஒரு கோட்டுக்கு இரண்டு தைத்து வைக்கும் வசதி எங்களைப் போன்ற குழுக்களுக்கு இல்லை.

வெல்வெட்டை வீட்டில் துவைக்க முடியாது. டிரை கிளீனிங் கொடுத்தால் நாடகத்துக்கு முன் திரும்பி வராது. வந்தாலும் செலவு துணி விலையை எட்டிப்பிடிக்கும். மேலை நாடுகளின் நாடக உடை அறைகளில் துவைக்க முடியாத உடைகளின் உட்புறத்தில் தண்ணீர் கலந்த ஓட்காவைத் தெளித்து உலர்த்துவார்கள். சாராயச் சத்து ஆவியாகும்போது வாடையும் அடங்கும். அது ஓரிரு நாளைக்குத் தாங்கும். வியர்வை உப்பு துணியிலேயேதான் இருக்கும். காய்ந்ததும் அக்குளில் வெள்ளை வளையமாகப் படியும், கழுத்துப் பட்டையில் விறைப்பாக உரசும். கழுத்து உரசுகிற கோட்டோடு நடிப்பவரின் கவனம் வசனத்தில் இருக்காது.

டிரில்லை இரவில் துவைத்துக் காற்றில் போட்டால் மறுநாள் மாலைக்கு இஸ்திரியோடு தயார். பருத்தி வியர்வையை உறிஞ்சுகிறது, சோப்புக்கு விட்டுக்கொடுக்கிறது. நெருக்கமான சாய்வு நெசவு என்பதால் கோட்டுக்குத் தேவையான விறைப்பும் இருக்கிறது. மங்கலான, ஒளி திரும்பாத மேற்பரப்பு. ராணுவத்தில் அதிகாரிகளின் கோட்டு பளிச்சென்ற சிவப்பாகவும், சாதாரணப் படைவீரர்களின் கோட்டு மஞ்சிட்டி வேரில் சாயமேற்றிய செங்கல் சிவப்பாகவும் இருந்த காலம் அது. டிரில் இரண்டு மூன்று துவைப்புகளுக்குப் பிறகு அந்தச் செங்கல் நிறத்துக்கே வந்து சேர்கிறது. புதுத் துணியைவிட அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

டிரில்லுக்கு ஒரு பெரிய எதிரி உண்டு. அது சாயம். சிவப்புப் பருத்தியும் வெள்ளைப் பட்டையும் ஒரே கோட்டில் இருந்தால், முதல் துவைப்பிலேயே வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். எனவே வாங்குவதற்கு முன்பே சோதியுங்கள். ஒரு சிறு துண்டை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையின்மேல் வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்துங்கள். கைக்குட்டையில் லேசான நிழல் மட்டும் விழுந்தால் அது மேலே தங்கிய உபரிச் சாயம், அலசினால் போய்விடும். அடர்த்தியாக ஒட்டினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள், அது கடைசிவரை ஒழுகும். வாங்கிய துணியை வெட்டுவதற்கு முன் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். சாயமேற்றும் தொட்டியில் நிறத்தை நூலுக்குள் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். ஏற்றி முடித்த துணியில் அது ஒழுகலை நிறுத்துவதில்லை. சாயப்பொருள் விற்கும் கடைகளில் நிறம் நிறுத்தும் திரவம் கிடைக்கிறது, அது ஓரளவு உதவுகிறது.

இந்த ஊறவைத்தலிலேயே இன்னொரு வேலையும் முடிந்துவிடுகிறது. டிரில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் கை நீளமும் கழுத்துச் சுற்றளவும் கெட்டுப்போகும். எனவே கழுத்துக்கும் மார்புக்கும் உள்ளே வைக்கும் கேன்வாஸ், ஓர நாடா எல்லாவற்றையும் முன்பே நனைத்து உலர்த்துங்கள். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் வகைக் கேன்வாஸ் வேண்டாம். துவைக்கத் துவைக்க அது பிரிந்து, மார்பில் குமிழ் குமிழாக எழும். பருத்திக் கேன்வாஸைக் கையால் தைத்துச் சேர்ப்பது நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் அது அசையாது.

சாயத்தை முழுவதும் நம்பாமல் இருப்பதற்கு நான் கண்ட நல்ல வழி, வெள்ளையைக் கோட்டோடு தைக்காமல் விடுவது. கழுத்துப் பட்டை, கை மடிப்பு, மார்பின் இரு பக்க மடிப்பு மூன்றையும் தனித் துண்டுகளாகத் தைத்து, டிச் பட்டன்களால் கோட்டில் பொருத்திவிடுகிறோம். துவைக்கும்போது கழற்றித் தனியாகப் போடலாம். ஏற்கெனவே பாதுகாப்புக்காகச் செய்த இந்த ஏற்பாடு எங்களுக்குப் பெரிய லாபமாக முடிந்தது. அன்றைய காலாட்படைகளில் கோட்டு பெரும்பாலும் எல்லோருக்கும் சிவப்பு. எந்தப் படைப்பிரிவு என்பதைக் காட்டியது கழுத்திலும் கையிலும் மார்பிலும் இருந்த வேற்று நிறம்தான். அதை மாற்றிப் பொருத்தினால் அதே நடிகர் அடுத்த காட்சியில் வேறு பிரிவுச் சிப்பாயாக வரலாம். கோட்டைக்குள் பல பிரிவுகள் இருந்த கதைக்கு இது எவ்வளவு உதவி என்பதை நாடகம் போட்டவர்கள் உணர்வார்கள்.

உள்ளே முழு லைனிங் வேண்டாம். தோளுக்கும் கைகளுக்கும் மட்டும் போதும். கை வழுக்கிக்கொண்டு போக அது தேவை. முதுகைத் திறந்து விடுங்கள், காற்று போகட்டும். அக்குளில் பருத்தித் துணியை நாலாக மடித்துப் பிறை வடிவில் வெட்டி, எளிதில் பிரிக்கும்படி நூலோட்டி வையுங்கள். கோட்டைத் துவைக்க நேரமில்லாத நாளில் அதை மட்டும் மாற்றினால்கூடப் பாதிப் பிரச்சினை தீரும். நடிகரிடம் உள்ளே பருத்திப் பனியன் போடச் சொல்வது மறுபாதி.

முன்பக்கத்தைப் பித்தளை நிறப் பொத்தான்களால் அலங்கரித்து, உண்மையில் மூடுவதற்குக் கொக்கி வைப்பது எல்லாத் துணிக்கும் பொருந்தும். உடை மாற்றும் நேரம் குறைவென்று சிலர் வெல்குரோ வைப்பார்கள். திரைக்குப் பின்னால் அதைப் பிரிக்கும் சத்தம் முன்வரிசைவரை கேட்கும்.

இளைஞர்கள் வருவதும் வேலை கிடைத்து வெளியூர் போவதுமாக இருக்கும் குழுக்களில், ஒரே கோட்டு பலர் உடலுக்குப் போக வேண்டியிருக்கும். முதுகின் நடுத் தையலிலும் பக்கத் தையலிலும் ஒரு அங்குலத் துணியை உள்ளே விட்டுத் தையுங்கள். வெல்வெட்டில் அதைப் பிரித்து விட்டால் பழைய தையல் கோடு வடுவாகத் தெரியும். டிரில்லில் ஊசித் துளைகள் ஒரு துவைப்பில் மூடிவிடுகின்றன. ஆனால் வெயில் படாத உள்பகுதி சற்று அடர்த்தியாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்திவந்தால் இந்த வேறுபாடு குறைகிறது.

டிரில் கசங்கும், அதை மறுக்க முடியாது. நாடகத்துக்கு முன் ஒருவர் இஸ்திரிப் பெட்டியோடு நிற்க வேண்டும். கம்பளித் துணியை நான் தைத்ததில்லை. உண்மையான கோட்டுகள் பெரும்பாலும் அதில்தான் இருந்தன என்றாலும், நம் வெயிலில் ஒரு நடிகருக்கு அதைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ டிசம்பரில் நாடகம் போடுகிறவர்கள் அதை யோசிக்கலாம். இயந்திரத்தில் துவைப்பதைப் பற்றியும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். நாங்கள் கையால்தான் துவைக்கிறோம்.

ஒரு இடத்தில் மட்டும் நான் வெல்வெட்டை விட்டுக்கொடுக்கவில்லை. கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகனாக வருபவர் ஒரே காட்சியில், பெரும்பாலும் நின்றபடியே பேசுகிறார். ஓட்டம் இல்லை, சண்டை இல்லை, வியர்வையும் குறைவு. அவருடைய மேலங்கி வெல்வெட்டில்தான் இருக்கிறது. சுற்றிலும் டிரில் நிற்கும்போது அந்த ஒரு வெல்வெட்டின் செல்வாக்கு இன்னும் கூடுகிறது.

டிரில் என்று முடிவு செய்தால், எல்லாக் கோட்டுக்கும் வேண்டிய துணியை ஒரே தானிலிருந்து, அதாவது ஒரே துணிச் சுருளிலிருந்து, வாங்குங்கள். அடுத்த மாதம் அதே கடையில் அதே பெயரில் கேட்டாலும் சாயம் ஒரு படி மாறியிருக்கும், விளக்கில் அது காட்டிக்கொடுக்கும். கணக்குக்கு மேல் அரை மீட்டர் சேர்த்து வாங்கி, அந்த மிச்சத்தையும் ஒவ்வொரு முறை கோட்டுகளோடு சேர்த்தே துவைத்து வாருங்கள். முழங்கையில் கிழிந்து ஒட்டுப் போட வேண்டி வரும்போது, ஒட்டும் கோட்டும் ஒரே நிறத்தில் இருக்கும்.